பன்றிக்கறியும் பழத்தின் புளிப்பும்: பழைய உறவு



வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் பன்றி விலா எலும்பை அன்னாசித் துண்டுகளோடு மணிக்கணக்கில் வேகவைத்துப் படம் போடுகிறார்கள். "இதெல்லாம் நம் வழக்கத்தில் உண்டா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வரலாறு சொல்வதைக் கேட்போம்.

1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு, வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கடற்கரைப் பட்டினத்தில் கள் சமைக்கும் பெண்கள் வீட்டில் கிடைப்பது கொழுத்த பன்றிக்கறி. சேற்றில் புரண்டு திரிந்த பன்றி அல்ல அது. ஆண் பன்றியைப் பெட்டைகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டி வளர்த்தது. விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாகவே புலவர் அதைச் சொல்கிறார்.

கறியும் பழமும் சேர்வதற்கு மலைபடுகடாம் சாட்சி. மலை வாழ் மக்கள் மூங்கிலரிசியைப் புளிப்பழமும் மோரும் கலந்த உலையில் இட்டு, பலாக்கொட்டையும் கடமான், முள்ளம்பன்றிக் கறியும் சேர்த்து உண்கிறார்கள். (முள்ளம்பன்றி பெயரில்தான் பன்றி; உண்மையில் அது எலி, அணில் வகையைச் சேர்ந்தது!)

இன்றும் குடகு நாட்டுப் பன்றிக்கறியின் உயிர், கச்சம்புளி. குடம்புளிப் பழத்தின் சாற்றைக் கறுத்துக் குழம்பாகும்வரை காய்ச்சி எடுப்பது. இலங்கையில் அதே இனத்துப் புளியைக் கொறக்கா என்பார்கள். அங்கும் பன்றிக்கறிக்கு அதைப் போடுவதுண்டு. ஆக, பழத்தின் புளிப்பு நமக்குப் பழசு. அன்னாசிதான் புதுசு. அதுவும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே வந்தவை. இன்று கொல்லிமலை அன்னாசியை நம் சொத்து என்கிறோம். மிளகாய் இல்லாமல் நமக்குக் குழம்பே இல்லை.

பழம் என்ன வேலை செய்கிறது? பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது கறியின் புரதத்தை உடைக்கும். முற்றின ஆட்டுக்கறியில் நம் வீட்டுப் பெண்கள் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் இதற்காகத்தான். அரை மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுக்க விட்டால் கறி கூழாகிவிடும். கொதி வந்ததும் நொதி செயலிழக்கும். அதற்குமேல் சிறு தீயின் வேலை. எலும்பைச் சுற்றிய சவ்விலுள்ள கொலாஜன், இரண்டு மூன்று மணி நேரத்தில் பசையாகக் கரைந்து, கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழலும். நாடாப்புழு அபாயம் இருப்பதால், பன்றிக்கறி நடுப்பகுதிவரை நன்றாக வேக வேண்டும்.

பிறகு ஏன் இந்த முகச்சுளிப்பு? பன்றி வளர்ப்பைச் சில சாதியார் தலையில் கட்டினோம். அவர்களை ஊருக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நிறுத்தினோம். பன்றி அங்கே கிடைத்ததைத் தின்றது. அப்புறம் பன்றியை அசிங்கம் என்றோம். தின்றவர்களையும் அதே கண்ணால் பார்த்தோம். நான் வேலை பார்த்த காலத்தில், தூக்குப்போசி மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்துச் சாப்பிட்ட பிள்ளைகள் உண்டு. திங்கட்கிழமைகளில் அது அதிகம். ஞாயிற்றுக்கிழமைக் கறியின் மிச்சம் என்று எனக்குத் தெரியும்.

மார்க்கம் தடுப்பவர்களும் சைவர்களும் தங்கள் வழியில் இருக்கட்டும். அதில் யாருக்கும் வழக்கில்லை. அடுத்தவர் தட்டைப் பார்த்துச் சுளிப்பதுதான் தவறு.

அன்று மூடியை மறைத்த பிள்ளைகளில் சிலர் இன்று இதைப் படிக்கலாம். செல்வங்களே, உங்கள் அம்மா சட்டியில் வெந்தது பத்துப்பாட்டில் இடம்பெற்ற உணவு. உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் கறிக்கு எந்தப் புளிப்பு சேர்ப்பார்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.