கையறுநிலையும் நிலையாமையும்: தமிழில் சாவுப் பாட்டின் வரலாறு

சாவைப் பற்றிய பாடல்களுக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் தந்த இடம் காஞ்சித் திணை. உலகம் நிலையில்லாதது என்பதே அத்திணையின் அடிப்படை. ஆனால் அதன் துறைகளை வரிசையாகப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு குரல்கள் கேட்கின்றன. கூற்றுவனைத் தடுக்க முடியாது என்று சொல்வதும், மூத்தோர் இளையோர்க்கு நிலையாமையை உணர்த்துவதும் ஒரு வகை. கணவனை இழந்தவளின் தாபதநிலை, மனைவியை இழந்தவனின் தபுதாரநிலை, மாண்டவரை நினைத்து எஞ்சியவர் புலம்பும் கையறுநிலை ஆகியவை இன்னொரு வகை. முன்னது அழுவதில் பயனில்லை என்கிறது. பின்னது அழுகையையே பாட்டாக்குகிறது. இலக்கணம் ஒரே கூரையின்கீழ் வைத்த இவ்விரண்டும் பிற்காலத்தில் வெவ்வேறு ஆட்களின் கைக்குப் போயின. ஒன்று துறவியரும் புலவரும் எழுதிய நூல்களில் தங்கியது. மற்றது பெரும்பாலும் எழுத்துக்கு வெளியே, பெண்களின் வாயில் வாழ்ந்தது. தமிழில் சாவிலக்கியத்தின் வரலாறு பெரும்பகுதி இந்தப் பிரிவின் வரலாறுதான்.

பாட்டுக்கு இணையாகக் கல்லும் பேசியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள், பெயர் பொறித்த கற்களில் மிகப் பழையவை. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோள் பூசலில் பட்டவனுக்கு நட்டது. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளைச் சொல்கிறது. அரசனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை. ஊர் மாட்டுக்காகச் செத்தவன் என்றால் போதும். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலக் கற்களில் எடுத்தனூர்க் கல் தனித்து நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற சேவகனுக்கு நட்ட கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்து தெரிவிக்கிறது. பெரிய பெரிய மெய்க்கீர்த்திகளில் கிடைக்காத நெருக்கம் இந்தச் சின்னக் கல்லில் இருக்கிறது.

சங்கப் பாடல்களில் கையறுநிலை புரவலனை இழந்த புலவனின் குரலாகவே மிகுதியும் வருகிறது. அதியமானை இழந்த ஔவையாரும், பறம்பையும் தந்தையையும் ஒருசேர இழந்த பாரி மகளிரும் பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றில் மேலுலகம் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இறந்தவன் எங்கே போனான் என்பதைவிட, அவன் இல்லாததால் இருப்பவர்க்கு எது நின்றுபோனது என்பதே பாட்டின் பொருள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது உடன் சாக வந்த பொத்தியாரிடம், மகன் பிறந்தபின் வா என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். பிள்ளை பிறந்தபின் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகி நின்றான். பொத்தியார் கேட்டதெல்லாம், எனக்கு ஒதுக்கிய இடம் எது என்பதுதான். மனைவியை எரித்துவிட்டுத் திரும்பிய சேரமான் மாக்கோதையின் பாட்டு இன்னும் கடுமையானது. தன் உயிரைக் கொண்டுபோகாத துயரம் என்ன துயரம் என்று தன் துக்கத்தின் அளவையே அவன் சந்தேகிக்கிறான்.

பெண்களின் நிலை வேறு. கணவனை இழந்த பெண் கலம் செய்யும் குயவனிடம், தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையச் சொல்லும் பாட்டு புறநானூற்றில் உண்டு. வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு நெடுவழி வந்த பல்லியாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள் அவள். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும்போது தடுக்க வந்த சான்றோரைக் கடிந்துகொள்கிறாள். அந்தப் பாட்டை வீரத்தின் பாட்டாக மட்டும் படிப்பது போதாது. நெய் தொடாத சோறு, எள் துவையல், புளியிட்டு வெந்த வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை என்று கைம்மையின் அன்றாடத்தை அவள் எண்ணிச் சொல்கிறாள். தீயும் தாமரைக் குளமும் ஒன்று என்ற முடிவுக்கு அந்தப் பட்டியலே வழி செய்கிறது.

பொருநைக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோதும், பின்னர் 2004-05 அகழாய்விலும் வெளிவந்த தாழிகள் அந்தக் குயவனின் தொழிலுக்குச் சான்று. தாழியில் கவிப்பது ஒன்றே வழக்கமாக இருக்கவில்லை. சுடுதல், வெட்டவெளியில் இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே சுடுகாட்டில் காட்டுகிறது. அதே காதையில்தான் கோதமையின் கதையும் வருகிறது. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சிச் செத்த மகன் சார்ங்கலனுக்காக, தன் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தரும்படி சம்பாபதியிடம் கேட்கிறாள் அவள். கண்ணில்லாத கணவனை அவன்தான் காக்க வேண்டும் என்பது அவள் வாதம். தெய்வம் மறுக்கிறது, அவள் விடாமல் வற்புறுத்தவே, எல்லாத் தெய்வங்களையும் வரவழைத்து ஒரே பதிலைச் சொல்ல வைக்கிறது. கையறுநிலையும் நிலையாமையும் நேருக்குநேர் நின்று வழக்காடும் இடம் இது. பௌத்தக் காப்பியமாதலால் தீர்ப்பு நிலையாமையின் பக்கம். ஆனாலும் தாயின் வாதத்தைச் சாத்தனார் முழுமையாகப் பேசவிட்டிருக்கிறார்.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் வேறொன்றைச் செய்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அதன் காதைப் பெயர்கள் ஏறக்குறைய தொல்காப்பியத்தின் நடுகல் நிலைகளே. மாடு மீட்டுச் செத்த ஆணுக்கு உரிய சடங்கு, நீதி கேட்டு ஊரை எரித்த ஒரு வணிகப் பெண்ணுக்கு இமயக் கல்லில் நடக்கிறது.

சமண, பௌத்தச் செல்வாக்குப் பெருகிய காலத்தில் நிலையாமை தனி இலக்கியமாகவே வளர்ந்தது. நாலடியாரின் தொடக்க அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமை. திருக்குறள் அதனை 34-ஆம் அதிகாரமாக்கித் துறவறத்தில் வைத்தது. சைவமும் இதை விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் கூடி ஓலமிட்டு, பெயரை நீக்கிப் பிணமென்று பெயரிட்டு, எரித்துவிட்டு, முழுகி எழுந்ததும் மறந்துபோகிற காட்சியைத் திருமந்திரம் கேலியும் கசப்புமாக வரைகிறது. காரைக்காலம்மையார் ஒருபடி மேலே போய், ஆலங்காட்டுச் சுடுகாட்டையே இறைவன் ஆடும் அரங்காக்கினார். அஞ்ச வேண்டிய இடம் தரிசனத்துக்கு உரிய இடமாயிற்று. இந்தப் போக்கில் விதிவிலக்கு பட்டினத்தார். உடலைப் பழித்துப் பாடிய துறவி, தாயின் சிதைக்கு முன் நின்று மகனாகப் புலம்பியதாக மரபு சொல்கிறது. அவர் பாடல்களில் சாவு வீடுகளில் பாடப்படுபவை யாக்கையைப் பழித்தவற்றோடு தாய்க்கு அழுதவையும்தான். துறவின் மொழியில்கூட மக்கள் கையறுநிலையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே நினைவுச் சின்னமும் உருமாறியது. சோழர் தம் முன்னோர்க்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்தனர். தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்தனுக்கும், மேல்பாடியில் அரிஞ்சயனுக்கும், பழையாறையில் பஞ்சவன்மாதேவிக்கும் எடுத்தவை அறியப்பட்டவை. இலக்கணத்திலும் மாற்றம் நேர்ந்தது. புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி என்பது படையெடுத்து வந்த பகைவனை எதிர்த்துத் தடுக்கும் போராகிவிட, கையறுநிலையும் தாபதநிலையும் பொதுவியலுக்குத் தள்ளப்பட்டன.

எழுத்து இலக்கியம் கைவிட்ட இடத்தை ஒப்பாரி நிரப்பியது. அது எப்போது தொடங்கியது என்று கேட்பதில் பொருளில்லை. சங்கப் பாட்டுக்கு முன்பும் அது இருந்திருக்க வேண்டும். அச்சில் வரத் தொடங்கியதுதான் அண்மைச் செய்தி. மு. அருணாசலம், கி.வா. ஜகந்நாதன், நா. வானமாமலை ஆகியோரின் நாட்டுப்பாடல் தொகுப்புகள் வழியே 20-ஆம் நூற்றாண்டில் படிப்பாளிகள் அதைக் கவனித்தார்கள். தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து கட்டியழும் பெண்களின் பாட்டுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. ஓர் அடியைச் சொல்லி, ஒரு சொல்லை மட்டும் மாற்றி அடுத்த அடியில் திரும்பச் சொல்வது அதன் உயிர்நாடி. ஓலைக் குடிசையில் செத்தவருக்கும் பொன் ஊஞ்சலும் வெள்ளிச் செம்பும் வரும். அதைவிட முக்கியம், அழுகையின் மறைவில் பேசப்படும் வழக்கு. அண்ணன் தராமல் விட்ட நகை, அண்ணி காட்டிய முகம், இனிமேல் அடைபடும் பிறந்த வீட்டு வாசல் எல்லாம் சபையறியச் சொல்லப்படும். மற்ற நாளில் சொன்னால் சண்டையாகும் பேச்சு, பிணம் கிடக்கும்போது பாட்டாகிவிடுகிறது. நாட்டார் வழக்காற்றியலர் இதைப் பெண்களின் முறையீடாகப் படிப்பது பொருத்தமே. ஆயினும் துக்கத்தை வெறும் சாக்காகக் குறைத்துவிடும் விளக்கங்களும் உண்டு. அவை பாதியைத்தான் சொல்கின்றன.

சாவுச் சடங்கின் உழைப்புப் பிரிவினை சாதி வழியானது. இழவு சொல்லிப் போவதும், பறை அடிப்பதும், வெட்டியான் வேலையும் தலித் மக்கள் மீது சுமத்தப்பட்ட கட்டாயங்கள். சுடுகாடும் அதற்குப் போகும் பாதையும் இன்றும் பல ஊர்களில் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற மறுப்பு 20-ஆம் நூற்றாண்டுத் தலித் எழுச்சியின் குறிப்பிடத்தக்க செயல்களில் ஒன்று. பின்னர் அதே பறை மேடைக்கலையாகவும் போராட்டக் கருவியாகவும் மீட்கப்பட்டது.

அச்சு யந்திரம் கையறுநிலையைச் சரமகவியாகத் திரும்பக் கொண்டுவந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புலவர்கள் ஆசிரியர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் இரங்கற்பாக்கள் எழுதி அச்சிட்டனர். வள்ளல் இருந்த இடத்துக்கு அறிஞர் வந்தார். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் பழைய துறைப்பெயர்களும் புழக்கத்துக்கு வந்தன. 1901-இல் சோமசுந்தர நாயகர் மறைந்தபோது மறைமலையடிகள் பாடிய நூலின் பெயரே சோமசுந்தரக் காஞ்சி.

பாரதி இரண்டு குரலையும் விட்டு மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தார். ஓவியர் ரவிவர்மாவுக்கும் சுப்பராம தீட்சிதருக்கும் இரங்கற்பா எழுதிய அவர், காலனை எதிரில் நிறுத்தி மிரட்டவும் செய்தார். ஈரோடு கருங்கல்பாளையத்தில் 1921 ஜூலை இறுதியில் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். ஆறு வாரத்தில் காலமானார். 1933 மே மாதம் நாகம்மையார் இறந்தபோது பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுதிய தலையங்கம், உரைநடையில் அமைந்த கையறுநிலை என்றே சொல்லத்தக்கது. துக்கம் கொண்டாட மறுக்கும் பகுத்தறிவுக் குரல் அதில் ஓங்கியிருந்தாலும், போனது எது என்று ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்கும் அதன் அமைப்பு பழைய புலம்பலின் அமைப்பே. திராவிட இயக்கம் சடங்கைத் துறந்தது; இரங்கலைத் துறக்கவில்லை. 1969-இல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி படித்த கவிதாஞ்சலி வானொலி வழியே ஊர் ஊராகச் சென்றது. அண்ணா எரிக்கப்படாமல் மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். அதே கடற்கரை 1987, 2016, 2018 எனத் தொடர்ந்து ஆட்சியாளர்களின் அடக்கத்தலமாயிற்று. கடைசியாகக் கருணாநிதிக்கு அங்கே இடம் வேண்டி வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நவீன அரசியல் தனக்கென ஒரு பள்ளிப்படையைக் கட்டிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

புனைகதை இந்த ஆரவாரத்துக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் வீட்டில் நிகழும் சாவு. உறவும் ஊரும் இல்லை, கட்டியழ ஆளில்லை. கணவர் பிரமநாயகம் பிள்ளை மட்டும் பிணத்தோடு இருக்கிறார். ‘மகாமசானம்’ கதையில் நகரத்தின் நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் சாகிறான். கூட்டம் தன் போக்கில் போகிறது. இரண்டிலும் ஆசிரியர் அழுவதுமில்லை, நிலையாமை போதிப்பதுமில்லை.

ஈழத்தில் சாவு எண்ணிக்கையிலும் பொருளிலும் மாறியது. உ. சேரன் உள்ளிட்டோர் தொகுத்து 1985-இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ 31 கவிஞர்களின் 82 கவிதைகளைக் கொண்டது. அரச வன்முறையின் கீழ் சாவு தனியாள் துயரமாக இருப்பது நின்று, ஊர் முழுவதன் அன்றாடமாகிவிட்டதை அத்தொகுப்பு பதிவு செய்தது. விடுதலைப் புலிகள் 1989 முதல் நவம்பர் 27-ஐ மாவீரர் நாளாகக் கடைப்பிடித்தனர். இறந்த போராளிகளை எரிக்காமல் துயிலும் இல்லங்களில் விதைப்பது வழக்கமாயிற்று. உடல் கிடைக்காதவர்க்கு நினைவுக் கல் நட்டனர். சைவக் குடும்பங்களின் தகன மரபு இதனால் மாறியது. நடுகல் மரபின் தொடர்ச்சியாக இது முன்வைக்கப்பட்டாலும், இயக்கத்தின் தேவைக்கேற்ப வகுக்கப்பட்ட புதிய சடங்கு என்பதும் உண்மை. எந்தச் சாவு போற்றத்தக்கது என்பதை அது ஒரு கையில் குவித்தது. படையினர் அந்த இல்லங்களை இடித்தபின், கல்லே இல்லாத இடங்களில் விளக்கேற்றுவது தொடர்கிறது.

யாழ்ப்பாணத்தின் சாதாரணக் குடும்பங்களில் இன்னொரு வடிவம் அமைதியாக வளர்ந்திருந்தது. அங்கே செத்த வீட்டில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப்படும். 31-ஆம் நாள் அந்தியேட்டியன்று உறவினர்க்கு ஒரு சிறுநூல் வழங்கப்படும். அதற்குப் பெயர் கல்வெட்டு. ஊர்ப் புலவர் ஒருவர் கேட்டு எழுதித் தருவது அது. முதலில் இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதியைச் சொல்லும் வெண்பா. பிறகு ஊரும் குலமும் மணமும் மக்களும் சொல்லும் வரலாறு. அடுத்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என உறவுவாரியாக வரும் பாக்கள். கூடவே தேவார திருவாசகங்கள். தொல்காப்பியம் ஒரே திணையில் வைத்த இரு குரலும் இந்த மலிவுத்தாள் நூலில் மறுபடி ஒன்றுசேர்ந்திருக்கின்றன. பெண்கள் வாயால் அழுததைக் கூலிக்கு எழுதும் ஆண் புலவன் யாப்பில் எழுதியதால் ஒப்பாரியின் கூர்மை இவற்றில் மழுங்கிவிட்டது என்பதும் சொல்ல வேண்டியதே. அண்ணியின் முகம் எந்தக் கல்வெட்டிலும் வராது. புலம்பெயர்வுக்குப் பின் இவை நிறப்படங்களோடு நினைவுமலர்களாகி இலண்டனிலும் தொரன்றோவிலும் அச்சாகின்றன. நூலகம் நிறுவனம் இவற்றைச் சேகரித்து மின்னுருவாக்கி வருகிறது. ஊர் வரலாறு, மணவுறவு, மலாயா முதல் கனடா வரையான இடப்பெயர்வு ஆகியவற்றை ஆராய்பவர்கள் இலக்கியமாக யாரும் மதிக்காத இந்தப் பக்கங்களிலிருந்தே தரவு எடுக்கிறார்கள்.