சிம்ப்யூட்டர்

சிம்ப்யூட்டர், பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு 2004இல் விற்பனைக்கு வந்த கையடக்கக் கணினி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையாள வேண்டும், ஓர் ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. பொறியியலில் காலத்தை முந்தி நின்ற இக்கருவி சந்தையில் எடுபடவில்லை. அது செய்ய நினைத்த வேலையில் பெரும்பகுதியை அடுத்த சில ஆண்டுகளில் மலிவு விலைக் கைப்பேசிகள் செய்துவிட்டன. அவற்றில் கோடிக்கணக்கானவை ஸ்ரீபெரும்புதூரில் தயாரானவை. தனித்தனியே சொல்லப்படும் இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் படித்தால்தான் சிம்ப்யூட்டரின் தோல்வி புரியும்.

கையடக்கக் கணினிக்கு முன்னோடிகள் மேல்நாட்டில் உண்டு. இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 1984இலேயே ஆர்கனைசரை வெளியிட்டது. ‘பர்சனல் டிஜிட்டல் அசிஸ்டன்ட்’ என்ற பெயரை 1992இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அப்போது ஆப்பிளின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லி. மறு ஆண்டே வந்த ஆப்பிள் நியூட்டன் கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்துக் கேலிக்கு ஆளானது. 1996இல் வந்த பாம் பைலட் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொண்டது: மனிதரின் எழுத்தைக் கருவி கற்பதற்குப் பதில், கருவிக்கேற்ற கோட்டெழுத்தை மனிதரே கற்கட்டும் என்று விட்டுவிட்டது. நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியவை பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஆங்கிலம் தெரிந்த, மேசையில் ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருக்கும் அலுவலரை மனத்தில் வைத்தே அது செய்யப்பட்டது.

அந்த அலுவலரை விட்டுவிட்டு யோசித்தவர்கள் பெங்களூர்க்காரர்கள். 1998 அக்டோபரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி அங்கே நடந்த கருத்தரங்கில் சிம்ப்யூட்டருக்கான கருத்து உருவானது. 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை அமைந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் அதன் நிறுவனர்கள். 2001 ஏப்ரலில் மாதிரி வெளியானது. விலை 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், அவ்வாண்டின் முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பு இதுவே என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார்.

உள்ளே இருந்தது 206 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, இயங்குதளம் லினக்ஸ், 320க்கு 240 புள்ளிகள் கொண்ட தொடுதிரை. தொடக்க வடிவம் கடையில் கிடைக்கும் சின்ன பேட்டரிகளிலேயே ஓடியது. மின்வெட்டு வாடிக்கையான ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. இந்திய மொழி உரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளும் உண்டு.

எல்லாவற்றிலும் தனித்து நின்றது ஸ்மார்ட் கார்டு செருகும் துளை. கருவியைப் பஞ்சாயத்தோ பள்ளியோ கடைக்காரரோ வாங்கி வைத்துக்கொள்வார். ஊர்க்காரர் கையில் அட்டை மட்டும் இருக்கும். அட்டையைச் செருகினால் அவருடைய விவரம் வரும். உருவிக்கொண்டு போனால் அடுத்தவர் முறை. வறுமைக்கு ஏற்ற கணக்கு என்று பார்த்தால் நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் தன் கடிதத்தையும் கணக்கையும் பொதுக்கருவியில் திறக்க யாருக்குத்தான் மனம் வரும் என்ற கேள்வி அப்போது போதுமான அளவு கேட்கப்படவில்லை.

வன்பொருள் வடிவமைப்பையே பொது உரிமத்தில் திறந்துவைத்தது அறக்கட்டளை. அந்நாளில் அது துணிச்சல்தான். இருந்தும் முதலீட்டாளர்கள் தயங்கியதால் மூன்றாண்டுகள் கழிந்தன. பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபெட்டா நிறுவனமும் பொதுத்துறையின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 2004 ஏப்ரலில் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தன. கருப்பு வெள்ளைத் திரை உள்ளது சுமார் 10,000 ரூபாய், வண்ணத்திரை உள்ளது சுமார் 20,000. திரையில் எந்த மொழியிலும் கிறுக்கி, கிறுக்கியதை அப்படியே மின்னஞ்சலாக அனுப்பலாம். அசைவை உணரும் உணரி இருந்ததால் மணிக்கட்டைச் சற்றே சொடுக்கினால் பக்கம் புரளும். ஐபோன் வந்தது 2007இல் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வரை விற்றது ஏறக்குறைய 4,000. கர்நாடகத்தில் நிலப்பதிவேட்டுப் பணி, சத்தீஸ்கரில் பள்ளிக் கல்வி என்று அரசு சார்ந்த சோதனைகளோடு அதன் வீச்சு பெரும்பாலும் நின்றது.

தமிழ்நாட்டிலும் இதே பகிர்வுக் கருத்து வேறு வடிவில் நடந்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தை வைத்து, மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 முதல் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அதையும் கைப்பேசி அலை ஓரங்கட்டிவிட்டது. 2003இல் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் போனது. ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைப்பேசி கொடுத்தது. அதே ஆண்டு டார்ச் விளக்கோடு நோக்கியா 1100 வந்தது. பகிர்ந்துகொள்ளும் கணினியைவிடத் தனக்கே சொந்தமான போன் மேல் என்று மக்கள் முடிவு கட்டினர். அந்த போனில் தமிழ்க் குரலோ அட்டைத் துளையோ இல்லை என்பது யாருக்கும் குறையாகப் படவில்லை.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டரில், சென்னைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட நோக்கியா, 2006 ஜனவரியில் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தான் மட்டும் வரவில்லை. சார்ஜர் செய்யும் சால்காம்ப், பாக்ஸ்கான் போன்ற உதிரிபாகக்காரர்களையும் தன் சிறப்புப் பொருளாதார மண்டல வளாகத்துக்குக் கூட்டிவந்தது. சுற்று வட்டாரங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்த இளம்பெண்களே தொழிலாளர்களில் பெரும்பகுதி. டெல், சாம்சங் ஆலைகள் 2007இல் பக்கத்திலேயே எழுந்தன. சிம்ப்யூட்டருக்குக் கிடைக்காதது இப்படியொரு அக்கம்பக்கம்தான்: அதன் வடிவமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை, விலையைக் குறைக்கும் எண்ணிக்கையில் செய்து தள்ள வழி இல்லை.

அந்த அக்கம்பக்கமும் நிரந்தரமல்ல. வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலை, 2014இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய நோக்கியா சொத்துகளில் சேராமல் நின்றுபோனது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல் உற்பத்தி இல்லை, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மூடிக்கிடந்த அந்த வளாகத்தை வாங்குவதாக 2019இல் முன்வந்தது பழைய பக்கத்து வீட்டுக்காரரான சால்காம்ப். அதே ஆண்டில் பாக்ஸ்கான் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் உற்பத்தியைத் தொடங்கியது.