ஒத்தும் தாளமும்

சிதம்பரத்தில் இசைக் கல்வி என்றதும் 1929இல் அண்ணாமலை செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரியே நினைவுக்கு வரும். அங்கே பேராசிரியராக விளங்கிய பொன்னையா பிள்ளை, தஞ்சை நால்வரின் வழிவந்தவர். ஊரார் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்ன அவரே தம் மகன் கிட்டப்பாவுக்கும் பாட்டாசிரியர். இளைய மகன் சிவானந்தம் வீணைக் கலைஞரானார்.

பரம்பரை இல்லாதவர்க்கும் கல்லூரி கதவு திறந்தது, பெரும் நன்மைதான். எனினும் அங்கே சேர்பவர் குழந்தைப் பருவத்தைக் கடந்து வருகிறார். அதற்கு முன் அவர் செவியும் கையும் எங்கே பழகின?

மேளக்காரர் இல்லங்களை நோக்குமிடத்து விடை கிடைக்கும். நாகசுரத்துக்கு மூச்சுப் பலம் வேண்டும், சிறுவனால் இயலாது. ஆகவே தந்தை வாசிக்கையில் அவன் பக்கத்தில் நின்று கைத்தாளம் தட்டுவான். சற்று வளர்ந்ததும் ஒத்து ஊதுவான். ஒரே சுரத்தை இடைவிடாது ஒலிக்கும் குழல் அது. மணிக்கணக்கில் ஊத ஊத மூச்சு வசப்படும். தந்தையின் இராகமோ கேளாமலே செவியில் ஏறும். பின்னாளில் சுருதிப்பெட்டி வந்து ஒத்தை அகற்றியது. வசதிதான், சிறுவன் நின்ற இடம் பறிபோயிற்று.

உடலால் தாளம் பழகுவதன் வலிமையைக் கனடா நாட்டில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒரே தாள ஒலியைக் கேட்கச் செய்து, சிலரை இரண்டு தட்டுக்கொரு முறையும் சிலரை மூன்று தட்டுக்கொரு முறையும் கையிலேந்திக் குதிக்க வைத்தனர். பிறகு, தான் குதித்த நடையையே ஒவ்வொரு குழந்தையும் விரும்பிக் கேட்டது. பிறர் குதிப்பதைப் பார்த்திருந்த குழந்தைகளுக்கு அது வாய்க்கவில்லை. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் பிள்ளையை மடியிலிட்டு ஆட்டித் தாலாட்டும் நம் தாய்மார்களுக்கு இதில் வியப்பிராது.

பெருநாளன்று நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் தஃப் தட்டிப் பாடினர். அபூபக்கர் (ரலி) அவர்கள் தடுக்க முற்பட, விட்டுவிடுமாறு நாயகம் பணித்தார்கள் என்பது புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி. வாத்தியங்கள் பற்றிய உலமாக்களின் நெடிய விவாதத்தில் இங்கே நாம் புகவில்லை. குழந்தைகளிடம் காட்டப்பெற்ற கனிவை மட்டும் சுட்டுகிறோம்.

நம்மவருள் ஷேக் சின்ன மௌலானா 1924இல் ஆந்திரத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தார். முதற்பாடம் தந்தை காசிம் சாகிபிடம். தஞ்சை வழியை நாச்சியார்கோவிலில் பயின்று, பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார். அவரிடம் கற்ற பேரர்கள் காசிமும் பாபுவும் அவர் அருகிலமர்ந்தே மேடையில் வாசித்தவர்கள்.