பிஸ்கோத்து வந்த வழி



நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் கோதுமை விளைவதில்லை. ஆயினும் உத்தமபாளையத்தில் விடியுமுன் திறக்கும் தேநீர்க் கடைகளில் முதலில் விற்றுப்போவது கோதுமைப் பண்டமே. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறக் காத்திருக்கும் பெண்கள், ஒரு கையில் தூக்குவாளியும் மறு கையில் ஓர் உப்புப் பிஸ்கட்டுமாக நிற்பதை அங்கே நாள்தோறும் காணலாம். நம் மண்ணில் விளையாத தானியம் நம் உழைப்பாளியின் காலைப் பசிக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? அவ்வழியில் ஆங்கிலேயர் சுவையும் அமெரிக்கர் சுவையும் எங்கெங்கே குறுக்கிட்டன? இன்று இதனையே பேச எண்ணுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'பிஸ்' என்றால் இருமுறை; 'கோக்டுஸ்' என்றால் சமைத்தது. இருமுறை சுட்டு, ஈரத்தை முற்றும் போக்கி, மாதக்கணக்கில் கடலில் செல்லும் மாலுமிக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டியே ஆதி பிஸ்கட்டு. பல் உடையும் அளவுக்குக் கடினமான அப்பண்டத்தைக் குழம்பிலோ நீரிலோ ஊறவைத்துத்தான் உண்பர். என் பாட்டியார் இறுதிவரை 'பிஸ்கோத்து' என்றே சொல்லி வந்தார். பட்டணத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டு நகைத்ததுண்டு. ஆனால் அச்சொல் ஆங்கிலத்தைக் காட்டிலும் போர்த்துகீசியரின் 'பிஸ்கோய்த்தோ'வுக்கே நெருங்கி நிற்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் 'விசுக்கோத்து' என்பர். ரொட்டியைப் 'பாண்' என்பர். பாணும் போர்த்துகீசியச் சொல்லே. நகைக்கப்பட்ட பாட்டியின் வாயில்தான் பழைய வரலாறு இருந்தது.

அமெரிக்கர் இதே பண்டத்தைக் 'குக்கி' என்கின்றனர். அது டச்சுக்காரரிடம் பெற்ற சொல். சிறு கேக் என்று பொருள். இற்றை நியூயார்க் நகரம், 1664-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை, நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் டச்சுக் குடியேற்றமாக இருந்தது. ஆட்சி மாறியது, அடுப்படிச் சொல் மாறவில்லை. 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் என்னும் பெண்மணி வெளியிட்ட முதல் அமெரிக்கச் சமையல் நூலிலேயே அச்சொல் இடம்பெற்றுவிட்டது. அமெரிக்கரிடம் சென்று 'பிஸ்கட்' கேட்டால், சூடான மெத்தென்ற ஒரு சிறு ரொட்டியைத் தட்டில் வைப்பர். அதனை வெண்ணெயோடும் குழம்போடும் உண்பது அவர்தம் வழக்கம். பெயர் ஒன்றாயினும் பண்டம் வேறு!

இவ்விரு சுவைகளும் நம் பக்கத்து மலைகளிலேயே குடியிருந்தன என்பது பலர் கருதாத செய்தி. பள்ளத்தாக்கிற்கு வடக்கே பழனி மலைத்தொடர். அதன் மேல் கொடைக்கானல். 1834 முதல் மதுரைச் சீமையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் குடும்பத்தினர், வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி, 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். நம் மலைவாசத் தலங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலேயர் அமைத்தவை. கொடைக்கானலோ அமெரிக்கர் கண்டெடுத்தது. 1901-இல் தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியையும் அங்கே நிறுவினர். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார்ச் சாலை அமையும் வரை, பெரியகுளத்துப் பக்கமிருந்து மலைப்பாதையில் சுமைகாரர் தலையிலேயே அவர்தம் பொருள்கள் ஏறின.

மேற்கே போடி மெட்டுக்கு அப்பால் தேவிகுளமும் மூணாறும். அங்கே ஆட்சி செலுத்தியவர் பிரிட்டிஷ் தோட்டத் துரைமார். 1908 முதல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஓடிற்று. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிய தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடி வந்து சேர்ந்தன. மலைக்கு வேண்டிய பண்டங்களும் போடியின் வழியே ஏறின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்துவிட்டது. தெற்கே மேகமலைக்கும் 'ஹைவேவிஸ்' என்ற பெயரை இட்டவர் அத்துரைமாரே. இங்ஙனம் ஒரு மலையில் அமெரிக்கரும் மற்ற மலைகளில் ஆங்கிலேயருமாக இருக்க, இடையே நாம் கம்பங்களி உண்டுகொண்டிருந்தோம்.

இருவர் சுவையும் எவ்வாறு வேறுபட்டன? ஆங்கிலேயனுக்குப் பிஸ்கட்டு ஆலையில் பிறப்பது. ரெடிங் நகரத்தில் 1822-இல் தோன்றிய ஹண்ட்லி நிறுவனம், பின்னர் ஜார்ஜ் பாமரும் சேர்ந்து இயந்திரத் தொழிற்சாலையாக வளர்ந்து, தகரப் பெட்டிகளில் அடைத்து உலகெங்கும் அனுப்பியது. 1910-இல் ஸ்காட் தென்துருவப் பயணம் புறப்பட்டபோதும் அந்நிறுவனத்தின் பிஸ்கட்டுகள் உடன் சென்றன. அது மெல்லியதாய், உலர்ந்ததாய், இனிப்புக் குறைந்ததாய் இருக்கவேண்டும். ஏனெனில் அது தேநீருக்குத் துணை. அமெரிக்கனோ காப்பியும் பாலும் பருகுபவன். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அறிவர். அவன் குக்கி வீட்டு அடுப்படியில் பிறப்பது, தடித்தது, நடுவில் இளகியது, இனிப்பும் வெண்ணெயும் மிகுந்தது. 1930-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்டு அம்மையார் சாக்லேட்டுத் துண்டுகளை மாவில் கலந்து செய்த குக்கியே அந்நாட்டின் பெருவிருப்பமாயிற்று. ஆலைப் பண்டமும் அங்கே இல்லாமல் இல்லை. 1912-இல் ஓரியோவை வெளியிட்ட அமெரிக்க நிறுவனத்தின் பெயர் 'நேஷனல் பிஸ்கட் கம்பெனி' என்பது ஒரு வேடிக்கை.

நமக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயனின் மெல்லிய பிஸ்கட்டே. 1874-இல் ருஷ்ய இளவரசி மரியா, விக்டோரியா அரசியாரின் மகனை மணந்தபோது, இலண்டன் பீக் ஃப்ரீன் நிறுவனம் அவர் பெயரால் செய்ததே மாரி பிஸ்கட்டு. வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த ஒரு மூதாட்டி, "இது நம்ம மாரியாத்தா பேருல வந்ததா சாமி?" என்று என்னைக் கேட்டார். ருஷ்ய இளவரசியின் கதையை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஆனால் பிஸ்கட்டு எளிதில் நம் வீட்டுப் படியேறவில்லை. முட்டை கலந்திருக்குமோ, மாவைப் புளிக்க வைக்கக் கள் ஊற்றியிருப்பார்களோ, யார் கை பிசைந்ததோ என்னும் ஐயங்கள் இருந்தன. தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் தொழில் கற்றுவந்து 1880-இல் பிஸ்கட்டு ஆலை தொடங்கினார். கல்கத்தாவில் 1892-இல் 295 ரூபாய் முதலில் ஒரு சிறு வீட்டில் தொடங்கிய தொழிலே பின்னாளில் பிரிட்டானியா ஆயிற்று. 1898-இல் டில்லியில் தோன்றிய நிறுவனத்தின் பெயரோ 'இந்து பிஸ்கட் கம்பெனி'. மேல்சாதியார் கை மட்டுமே பட்டது என்பது அதன் விளம்பரம். சுவையைச் சொல்லி விற்கவில்லை. கையைச் சொல்லி விற்றார்கள்.

தமிழ்நாட்டில் பிஸ்கட்டு முதலில் நுழைந்த வாயில் நோய். காய்ச்சல் கண்டவனுக்குச் சோறு ஆகாது. ரொட்டியும் பிஸ்கட்டும் கொடு என்றனர் மருத்துவர். நலம் விசாரிக்க மருத்துவமனைக்குச் செல்வோர் இன்றும் பிஸ்கட்டுப் பொட்டலத்தோடு செல்வது அதன் எச்சமே. நான் சிறுவனாக இருந்தபோது, பிஸ்கட்டுக்காகவே காய்ச்சல் வரக்கூடாதா என்று ஏங்கிய பிள்ளைகள் எங்கள் தெருவில் பலர்.

நோயாளி உணவை நாட்டு உணவாக்கியது பஞ்சம். அங்கேதான் அமெரிக்கா மீண்டும் வருகிறது. உபரித் தானியத்தை அயல்நாடுகளுக்கு விற்க 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டத்தின்கீழ், 1956-இல் இந்தியா உடன்படிக்கை செய்தது. டாலருக்குப் பதில் ரூபாயிலேயே விலை தரலாம் என்பது அதன் வசதி. மழை பொய்த்த 1966-ஆம் ஆண்டில் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அக்காலத்தில் அதிபர் ஜான்சன் கப்பல்களை மொத்தமாக விடாமல் சிறிது சிறிதாகவே விடுவித்தார்; நம் அரசின் பேச்சு தமக்கு உவக்கிறதா என்று பார்த்தே விடுவித்தார். கடன்காரன் வாசலில் நிற்பதைப் போன்ற அந்நிலையை மாற்ற, உணவு அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம் அவர்கள் அதே ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை தருவித்தார். அப்போது தொடக்கப் பள்ளி மாணவனாக இருந்த எனக்கு நினைவிருப்பது, மதிய உணவில் வந்த மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமாவும் பால்பொடியும். 1961 முதல் அமெரிக்கக் கேர் நிறுவனம் அவற்றை நம் பள்ளிகளுக்கு அளித்து வந்தது. பால்பொடியை நீரில் கரைப்பதற்குள் உள்ளங்கையில் வைத்து நக்கித் தீர்ப்போம்.

வேண்டாத கோதுமையை வேண்டிய பண்டமாக மாற்றின நம் ஊர் அடுமனைகள். மைதா மலிந்தபோது புரோட்டாக் கல்லும் ரொட்டி அடுப்பும் சிற்றூர் வரை வந்தன. உருவம் ஆங்கிலேயனுடையது, மாவு அமெரிக்காவுடையது, அதில் தேங்காயும் நெய்யும் ஓமமும் சேர்த்தவன் தமிழன். உதகையின் வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எனக்குப் பிடித்தது எது என்று கேட்பீராயின், விறகடுப்பில் சுட்ட உப்புப் பிஸ்கட்டே என்பேன். தகரப் பெட்டிப் பிஸ்கட்டு அதற்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட இயலாது. 1980-களின் தொடக்கத்தில் நான் பயிற்சி முடித்துப் பணியேற்ற ஒரு சிற்றூரின் தேநீர்க் கடையில் இரு வகைக் குவளைகள் இருந்தன. சேரிப் பிள்ளை காசைப் பலகையில் வைத்துவிட்டுத் துண்டை ஏந்தவேண்டும். கடைக்காரர் ஒரு முழம் மேலிருந்து பிஸ்கட்டைப் போடுவார். மெல்லிய பண்டம், விழும்போது உடையும். என் வகுப்பில் அப்பிள்ளைகள் கொண்டுவந்தவை எல்லாம் துண்டுகளாகவே இருக்கும். சிறு பொட்டலங்களில் குளுக்கோஸ் பிஸ்கட்டு அக்கடைக்கு வந்தபின், முதன்முறையாக எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரே காகிதம், ஒரே முழுப் பிஸ்கட்டு. பொட்டலத்தைப் பிள்ளைகளே பலகையிலிருந்து எடுத்துக்கொண்டனர். குவளைகள் மட்டும் இரண்டாகவே இருந்தன. அவற்றை ஒன்றாக்க அவ்வூர் இளைஞர்கள் மேலும் சில ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இப்பொழுது எங்கள் ஊர்க் கடைகளிலும் 'குக்கீஸ்' என்று எழுதிய பொட்டலங்கள் தொங்குகின்றன. தடித்த அமெரிக்க வகை. சாக்லேட்டுத் துண்டுகளும் உண்டு. பேரப் பிள்ளைகள் அதனை விரும்பி வாங்குகின்றனர். வாங்கியதும் தேநீரில் நனைக்கின்றனர். அதுவோ நனைப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. பாதி குவளையின் அடியில் தங்கிவிடுகிறது. அதை எடுக்கக் கரண்டி கேட்கின்றனர்.