தோல்வியிலிருந்து முதலமைச்சர் நாற்காலிக்கு: ரேவந்த் ரெட்டிக்கு வழிவிட்ட மல்காஜ்கிரி

உப்பல் (ஹைதராபாத்): தெலங்கானாவின் 2-வது முதலமைச்சரான ரேவந்த் ரெட்டியின் அரசியல் வாழ்வில் பெரும் திருப்பத்தை ஏற்படுத்தியது, உப்பலை உள்ளடக்கிய மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியாகும்.

தொடக்கக் காலம்: கொண்டாரெட்டிப்பள்ளி கிராமத்தில் பிறந்த ரேவந்த் ரெட்டி, மாணவப் பருவத்தில் ஏபிவிபி அமைப்பில் செயல்பட்டார். 2006-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் மிட்ஜில் மண்டலத்திலும், 2007-இல் சட்டமேலவைத் தேர்தலிலும் சுயேச்சையாகப் போட்டியிட்டு வெற்றி பெற்றார். பின்னர் தெலுங்கு தேசம் கட்சியில் இணைந்த அவர், 2009 மற்றும் 2014 சட்டமன்றத் தேர்தல்களில் கொடங்கல் தொகுதியில் வென்றார்.

கைதும் கட்சி மாற்றமும்: மேலவைத் தேர்தலில் ஆதரவாக வாக்களிக்க நியமன உறுப்பினர் ஒருவருக்கு ரூ.50 லட்சம் கொடுக்க முயன்றதாக எழுந்த குற்றச்சாட்டில், 2015 மே மாதம் லஞ்ச ஒழிப்புத் துறை அவரைக் கைது செய்தது. பின்னர் அவர் ஜாமீனில் வெளிவந்தார். 2017 அக்டோபரில் தெலுங்கு தேசத்திலிருந்து விலகி காங்கிரஸில் இணைந்தார்.

தோல்விக்குப் பின் வெற்றி: 2018 டிசம்பரில் கொடங்கலிலேயே அவர் தோல்வியைத் தழுவினார். அத்துடன் அவரது அரசியல் முடங்கிவிடும் என்று கருதப்பட்ட நிலையில், 2019 மக்களவைத் தேர்தலில் மல்காஜ்கிரியில் களமிறங்கினார். உப்பல், எல்.பி.நகர், குகட்பள்ளி உள்ளிட்ட 7 சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்ட இது, நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதியாகும். இங்கு டிஆர்எஸ் வேட்பாளர் மர்ரி ராஜசேகர் ரெட்டியை 10,919 வாக்குகள் வித்தியாசத்தில் வீழ்த்தினார்.

முதலமைச்சர் பதவி: 2021-இல் மாநில காங்கிரஸ் தலைவரானார். 2023 தேர்தலில் 119 இடங்களில் 64-ஐ காங்கிரஸ் கைப்பற்றியது. கொடங்கலில் வென்ற ரேவந்த், காமாரெட்டியில் தோற்றார். அங்கு அப்போதைய முதலமைச்சர் கே.சந்திரசேகர ராவும் தோல்வியடைய, பாஜக வென்றது. டிசம்பர் 7-ஆம் தேதி எல்.பி. மைதானத்தில் அப்போதைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அடுத்த இரண்டே நாட்களில் மகளிருக்கான இலவசப் பேருந்துப் பயணத் திட்டம் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டுடனான தொடர்பு: தொகுதி மறுவரையறை தொடர்பாக 2025 மார்ச் 22-ஆம் தேதி சென்னையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தலைமையில் நடைபெற்ற கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டத்தில் ரேவந்த் ரெட்டி பங்கேற்றார். தென்மாநிலங்களின் பிரதிநிதித்துவம் குறையக்கூடாது என்ற அவரது நிலைப்பாடு, தமிழ்நாட்டிலும் அவரைப் பரவலாக அறியச் செய்தது.

கைவிட்டுப் போன தொகுதி: எனினும், அவருக்கு மறுவாழ்வு அளித்த மல்காஜ்கிரி, அவரது கட்சியின் கோட்டையாக மாறவில்லை. காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்த 2023 தேர்தலிலேயே உப்பல் உள்ளிட்ட 7 சட்டமன்றத் தொகுதிகளும் பிஆர்எஸ் வசமாகின. ரேவந்திடம் 2019-இல் தோற்ற ராஜசேகர் ரெட்டி, மல்காஜ்கிரி சட்டமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் பாஜகவின் ஈட்டல ராஜேந்தர் அங்கு வென்றார். மாநிலத்தையே வென்ற தலைவருக்கு, தலைநகரை ஒட்டிய இப்பகுதி இன்னமும் சவாலாகவே நீடிக்கிறது.