தோட்டக்காரனின் கணக்கு: 1970–1977

யாழ்ப்பாணத்தாரின் வணிகத்திறன் என்றதும், தென்னிலங்கை நகரங்களில் அவர்கள் நடத்திய சுருட்டுக் கடைகளே பலரது நினைவில் எழும். தோட்டக்காரனை வணிகனாகக் கொள்வோர் சிலரே. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, குடாநாட்டின் செம்மண்ணில் சில பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்தவனும் முதலீட்டாளனானான். விதைவெங்காயத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, இறைப்பு இயந்திரத்துக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் செல்லும், செத்தல் மிளகாயை உடனே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்பனவற்றை அவன் சுன்னாகச் சந்தையிலேயே கற்றான். கற்றது வீண்போகவில்லை, கல்வீடுகள் எழுந்தன. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக்கு வழிவிட்டபின் விலை சரிந்தது. இச்சரிவுக்குத் தோட்டக்காரனின் முயற்சிக் குறைவைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. பயிரையும் சந்தையையும் அவன் சரியாகவே கணித்திருந்தான். கொழும்பில் மாறிய கொள்கையைக் கணிக்கும் வாய்ப்பு அவனுக்கு அளிக்கப்படவில்லை.