கோவிந்தப்பா வெங்கடசாமி

கோவிந்தப்பா வெங்கடசாமி (அக்டோபர் 1, 1918 - ஜூலை 7, 2006) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண் மருத்துவரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனரும் ஆவார். டாக்டர் வி என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டவர். மகப்பேறு மருத்துவராக விரும்பிய இவர், முடக்குவாத நோயினால் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, முப்பது வயதுக்குப் பின் கண் மருத்துவம் கற்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976 ஆம் ஆண்டில், 11 படுக்கைகளுடன் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அது பின்னாளில் உலகில் மிக அதிக எண்ணிக்கையில் கண் அறுவை சிகிச்சை செய்யும் அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது.

இளமையும் கல்வியும்

எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்ற சிற்றூரில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. தாளும் எழுதுகோலும் இல்லாத தொடக்கப் பள்ளியில் மணலைப் பரப்பி அதில் எழுதிப் படித்ததைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938 இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944 இல் மருத்துவரானார்.

அவருடைய சிறு வயதில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலச் சிக்கல்களால் அடுத்தடுத்து இறந்தனர். மருத்துவம் படிக்க வேண்டும், அதிலும் மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்ற முடிவுக்கு இதுவே காரணம். ஆகவே பின்னர் அவர் கைவிட நேர்ந்தது பல துறைகளுள் ஒன்றையன்று. மருத்துவத்திற்கு வந்த காரணத்தையே எனலாம்.

நோயும் துறை மாற்றமும்

1944 முதல் இந்திய இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அக்காலத்தில் கடுமையான முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கி உருக்குலைக்கும் நோய்) ஏற்பட்டு 1948 இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். நோய் தணிந்தபோது கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப் போயிருந்தன. தொடக்கத்தில் பேனாவைப் பிடிப்பதும் இயலாததாக இருந்தது. நடப்பதும் நிற்பதும் கடினம். நெடுநேரம் நின்று, கைவலுவைச் செலுத்திச் செய்ய வேண்டிய மகப்பேற்று மருத்துவம் இனி இயலாது என்பது தெளிவாயிற்று.

இதன் பிறகே கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, 1951 இல் அத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். விரல் கோணிய ஒருவர் மருத்துவத்தின் மிக நுண்ணிய அறுவைத் துறைக்குச் சென்றது முதலில் வியப்பளிக்கலாம். ஆனால் கண் அறுவைக்கு வேண்டியது வலிமையன்று. சிறிய, அளவான அசைவுகளே. அமர்ந்தும் செய்யலாம். அவர் தம் விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளைப் பிடிக்கப் பழகி, கண்புரை அறுவையை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்ததாகக் குறிப்பிடப்படுகிறது. வலி அவரை விட்டு நீங்கவே இல்லை.

அரசுப் பணி

1956 இல் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அதனுடன் இணைந்த அரசு எர்ஸ்கின் மருத்துவமனையிலும் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) கண் மருத்துவத் துறைத் தலைவரானார். இப்பதவியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தார். அரவிந்த் மருத்துவமனையைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இக்காலத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. பிற்காலத்தில் அவர் செய்தவை பலவற்றுக்கும் வேர் இங்கேதான் உள்ளது.

இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக இருந்தது கண்புரை. இது சிறிய அறுவையால் நீக்கக்கூடியது. ஆயினும் சிற்றூர்களில் முதியோர் பலர் பார்வையின்றியே காலத்தைக் கழித்தனர். மருத்துவமனைக்கு வராதவர்களைத் தேடிச் செல்ல வேண்டும் என்று கருதிய வெங்கடசாமி, 1960களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தலானார். பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் தற்காலிக அறுவைக் கூடங்களாயின. நாளொன்றுக்கு நூறு அறுவைகள் வரை செய்த நாட்களும் உண்டு. வேலையைப் பகுத்துக்கொள்வது, உதவியாளரைப் பயிற்றுவிப்பது, குறைந்த நேரத்தில் பிழையின்றிச் செய்வது ஆகியவை இம்முகாம்களில் பழகியவை. இப்பணிகளுக்காக 1973 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

அரவிந்த் கண் மருத்துவமனை

கட்டாய ஓய்வு வயதான 58ஐ ஒட்டி, 1976 இல் கோவெல் அறக்கட்டளையை நிறுவி, மதுரையில் ஒரு வீட்டில் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தர், அன்னை ஆகியோரிடம் அவர் கொண்டிருந்த ஈடுபாட்டால் அதற்கு அரவிந்தரின் பெயர் சூட்டப்பட்டது. கையில் பெரிய முதலீடு எதுவும் இருக்கவில்லை. வங்கிக் கடன் கிடைக்காத நிலையில் வீடு அடமானம் வைக்கப்பட்டது. குடும்பத்தினரின் நகைகளும் அடகுக்குச் சென்றன. திருமணம் செய்துகொள்ளாத வெங்கடசாமிக்கு உடன்பிறந்தோரின் குடும்பங்களே துணையாயின. தங்கை ஜி. நாச்சியார், அவருடைய கணவர் பெ. நம்பெருமாள்சாமி ஆகிய இருவரும் கண் மருத்துவர்கள். தம்பி சீனிவாசன் பொறியாளர். கட்டட வேலைகளையும் கணக்கையும் அவர் கவனித்தார். ஓய்வு பெற்ற ஒருவரின் துணிவாகவே இது பேசப்படுகிறது. நடுவயதுகூட எட்டாத இளைய குடும்பத்தினர் தங்கள் வருவாயையும் தொழிலையும் இதில் ஒப்படைத்தது அதைவிடப் பெரிய துணிவு என்று கூற இடமுண்டு.

கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெறும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பது இம்மருத்துவமனையின் அடிப்படை. எந்தப் பிரிவில் சேர்வது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. இம்முறை நிலைக்க வேண்டுமானால் ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். எங்கும் ஒரே தரத்தில் உணவு தரும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை வெங்கடசாமி எடுத்துக்காட்டாகக் கூறி வந்தார். அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரு மேசைகள் இருக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். பார்வைச் சோதனை, கண்ணைத் துப்புரவு செய்தல், கட்டுப் போடுதல் முதலிய பிற வேலைகள் அனைத்தையும் பயிற்சி பெற்ற செவிலியர் செய்வர்.

இச்செவிலியர் பெரும்பாலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்த இளம்பெண்கள். இரண்டாண்டுப் பயிற்சியும் உதவித்தொகையும் அளிக்கப்பட்டு, மருத்துவமனையிலேயே பணியமர்த்தப்படுகின்றனர். மேற்படிப்புக்கு வழியில்லாத குடும்பங்களின் பெண்களுக்கு இது ஒரு தொழில் வாழ்வைத் திறந்துவிட்டது. அரவிந்த் மருத்துவமனையின் செலவு குறைந்திருப்பதற்கு இவர்களின் உழைப்பே பெருங்காரணம் என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

முகாம்களின் முறையும் மாறியது. ஊர்களில் நோயாளிகளைச் சோதித்தறிவது மட்டும் நடைபெற, அறுவை தேவைப்படுவோர் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டனர். தொற்று அபாயம் இதனால் குறைந்தது. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதாது, பயணச் செலவும் உணவும் இழக்கும் நாட்கூலியும்கூட ஏழையைத் தடுக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்ததால், போக்குவரத்தும் உணவும் இலவசமாயின.

ஆரோலேப்

புரை நீக்கிய கண்ணுக்குத் தடித்த கண்ணாடி அணிவிப்பதே பழைய வழக்கம். செயற்கைக் கண்வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தும் முறை வந்தபோது, இறக்குமதியான வில்லை ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. இலவசப் பிரிவு நோயாளிக்கு அது எட்டாதது. 1992 இல் மதுரையில் ஆரோலேப் தொழிற்கூடம் தொடங்கப்பட்டு, வில்லையின் விலை 10 டாலர் அளவுக்கும் பின்னர் அதற்கும் கீழாகவும் குறைந்தது. இவ்வில்லைகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

இறுதிக் காலம்

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் மருத்துவமனைகள் அமைந்தன. ஆர்வர்டு வணிகப் பள்ளி 1993 இல் அரவிந்த் மருத்துவமனையைப் பாடமாக வெளியிட்டது. முதுமையிலும் வெங்கடசாமி நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார். 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார். அப்போது ஐந்து மருத்துவமனைகளிலும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்று வந்தன. நிறுவனத் தலைமையை நம்பெருமாள்சாமி ஏற்றார். 2008 இல் உலக நலவாழ்வுக்கான கேட்ஸ் விருதும், 2010 இல் கான்ராட் இல்ட்டன் மனிதநேயப் பரிசும் அரவிந்த் நிறுவனத்திற்குக் கிடைத்தன.